வரி நோட்டிலிருந்து தொடங்குங்கள்: மதத்தை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு

'சமகாலச் சமுதாயத்தில் மதத்தின் பங்கு' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வருகிற மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படியொரு தலைப்போடுதான் போய் நின்றேன். நெறியாளர் அதை வாசித்துவிட்டு, "எந்தச் சமுதாயம், எந்த மதம், யாருக்குப் பங்கு?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், 'பட்டமெல்லாம் வேண்டாம், எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி ஒழுங்காக எழுதிவைத்தால் போதும்' என்கிறவர்கள் என எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில் கொடையை, அதாவது ஊர்த் தெய்வத்துக்கு நடத்தும் திருவிழாவை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழகிய களம் அது. உங்கள் களம் பெந்தெகொஸ்தே சபையாகவோ தர்கா கந்தூரி விழாவாகவோ இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறாது.

தலைப்பைச் சின்னதாக்குவது

ஊரில் கொடை நடத்தும் சுடலைமாடன் கோயிலுக்கோ அம்மன் கோயிலுக்கோ ஒரு வரி நோட்டு இருக்கும். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் மஞ்சள் தடவியிருக்கும். அதில் தலைக்கட்டு வாரியாகப் பெயரும் தொகையும் எழுதியிருப்பார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒருவரின் குடும்பம் ஒரு தலைக்கட்டு என்பது பொது வழக்கம். இப்போது அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு முழு வரியா, அரை வரியா, வரியே இல்லையா? பம்பாயில் மூன்று தலைமுறையாக இருப்பவரின் பெயர் ஏன் இன்னும் இருக்கிறது? வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டவரின் பெயர் எந்த வருஷத்தோடு நின்றது? அவரே கொடுக்கவில்லையா, கொடுத்தும் ஊர் வாங்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம் கொடை வரி கொடுக்கிறதா? பெண்கள் தங்கள் பெயரிலேயே வரி கொடுக்கும் வழக்கம் உண்டா?

சாதி, பெண்ணுரிமை, இடப்பெயர்வு, மதமாற்றம் நான்கும் அந்த ஒரு நோட்டில் வந்துவிட்டன. மதம் இன்றைய சமுதாயத்தில் என்ன செய்கிறது என்பதை நான் தேடுவது இந்த மாதிரி இடத்தில்தான். கருவறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'வெளியூர்த் தலைக்கட்டுகளின் பணம் வரத் தொடங்கியபின் கொடைச் செலவில் எது கூடியது, எது குறைந்தது?' என்பது ஆய்வுக்கு ஏற்ற கேள்வி. 'உலகமயமாதலும் நாட்டார் சமயமும்' என்பது கருத்தரங்க மலருக்கு ஏற்ற தலைப்பு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: இதற்குப் பதில் தெரிய நாளைக் காலையில் நான் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்? அதைச் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது.

கிளம்பும் முன் படிப்பது

சமூகவியல் முன்னோடிகளான துர்க்கைமையும் வெபரையும் பாடத்திட்டமே உங்கள் தலையில் கட்டிவிடும். அதற்குமேல் ஒரு பழைய விவாதத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1960களில் பீட்டர் பெர்கர் உட்படப் பல சமூகவியலாளர்கள், நவீன வாழ்க்கை பரவப் பரவ மதம் தேயும் என்றார்கள். 1999-இல் அதே பெர்கர், அந்தக் கணிப்பு தவறு, உலகம் முன்போலவே மதப் பிடிப்போடுதான் இருக்கிறது என்று எழுதினார். நாற்பது ஆண்டுக்குள் ஒருவரே கட்சி மாறிய விஷயம். 'மதம் வளர்கிறதா, தேய்கிறதா' என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஊருக்குப் போகாதீர்கள். கொடையில் ஃபிளக்ஸும் சீரியல் செட்டும் கூடியிருக்கும். விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்கிற கூட்டம் குறைந்திருக்கும். இதை வளர்ச்சிக் கணக்கில் எழுதுவீர்களா, தேய்வுக் கணக்கிலா?

தமிழில் முதலில் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' படியுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. 1989-இல் நூலாக வந்தது. ஒரே கோயிலை எடுத்துக்கொண்டு, கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் என்று ஒவ்வொரு சாதிக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று தனித்தனியாகப் பார்க்கிறார். அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று சனங்கள் சொல்கிற கதைக்கும் அதில் மரியாதை இருக்கிறது. ஆய்வேட்டை எப்படி இயல் பிரிப்பது என்று குழம்பும்போது அதன் பொருளடக்கத்தை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் ஊரைப் பற்றி ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் எழுதியவையும் நிறைய. நெல்லைக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. பழைய சிறு வெளியீடுகள், பாட்டுப் புத்தகங்கள், அம்மானைகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

பலருக்குத் தெரியாத ஒரு புதையலும் உண்டு. 1961 மக்கள் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்துக்கென்று (இன்றைய தமிழ்நாடு) கோயில்களைப் பற்றி மாவட்ட வாரியாகவும், திருவிழாக்கள், சந்தைகளைப் பற்றித் தனியாகவும் ஆங்கிலத்தில் தொகுதிகள் போட்டார்கள். சில கிராமங்களுக்குத் தனி ஆய்வறிக்கையே வந்தது. உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ அதில் இருந்துவிட்டால், அறுபது ஆண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட ஒரு பிடி கிடைத்துவிடும். அதிகாரிகள் எழுதியது என்பதால் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

எண்களைப் பற்றி

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, இந்துக்கள் 87.58 சதவீதம், கிறித்தவர்கள் 6.12, இஸ்லாமியர்கள் 5.86. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால் நாம் எல்லோரும் இந்தப் பழைய எண்களைத்தான் சுமந்துகொண்டிருக்கிறோம். ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எல்லோரும் ஓர் அட்டவணையாக இதைப் போடுவார்கள். போடுங்கள், ஆனால் இது எதைக் காட்டவில்லை என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். சுவாமித்தோப்புக்குப் போகிற அய்யாவழிக்காரர்கள் இதில் தனியாக இல்லை. இந்து என்ற கட்டத்துக்குள் இருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போய் மொட்டை போட்டுவிட்டு வருகிற இந்துக் குடும்பமும், நாகூர் தர்காவில் பிள்ளைக்கு முடி இறக்குகிற குடும்பமும் ஒற்றைக் கட்டத்தில் அடங்கிப்போகின்றன.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரை 17 மொழிகளில் நேரில் சந்தித்துக் கேட்டது. அதில் கர்மவினையில் நம்பிக்கை உண்டு என்றவர்கள் இந்துக்களில் 77 சதவீதம்; இஸ்லாமியர்களிலும் அதே 77. மதப் பெயரை வைத்து ஒருவரின் நம்பிக்கையை ஊகிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லும்போது நான் இந்த எண்ணைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

ஊருக்குள் போவது

கொடை நாளன்று கேமராவோடு போய் இறங்குவது புதியவர்கள் செய்கிற முதல் தப்பு. அன்று யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே போங்கள். டீக்கடையில் உட்காருங்கள். "எந்தூரு?" என்பார்கள், அப்புறம் "யாரு மவன்?" என்பார்கள். அது உங்கள் சாதியைக் கேட்கிற கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பொய் சொல்லாதீர்கள், பொய் இரண்டு நாள் நிற்காது. உங்கள் சாதியால் சில வீடுகள் திறக்கும், சில வீடுகள் திறக்காது. எது திறந்தது, எது திறக்கவில்லை என்பதையும் குறித்துவையுங்கள். அதுவும் தரவுதான்.

முதல் களப்பணியில் நான் தர்மகர்த்தா வீட்டில் சாப்பிட்டேன். அன்போடு கூப்பிட்டார், போனேன். ஊரில் இரண்டு கட்சி இருந்ததும், கோயில் கணக்கில் வழக்கு நடந்துகொண்டிருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த ஒரு மாதம் கீழத்தெருவில் ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கடைசியில் மேளக்காரர் ஒருவர்தான், "அண்ணாச்சி, நீங்க அந்த வீட்டு ஆளுன்னு நெனச்சிருக்காங்க" என்று விஷயத்தைச் சொன்னார். அதன்பிறகு புது ஊருக்குப் போனால் முதல் இரண்டு வாரம் யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மனவருத்தப்படுவார்கள்தான், வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் யாரிடம் பேசுவது? தர்மகர்த்தாவும் விழாக்குழுத் தலைவரும் கோயில் வரலாற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். நோட்டீஸில் அச்சடித்ததுதான் அது. அவர்களைக் கேட்காமல் இருக்க முடியாது, கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பந்தல்காரர், மேளக்காரர், சலவை செய்கிறவர், கிடா விற்கிறவர், பொங்கல் விடும் வரிசையில் கடைசியில் நிற்கிற பெண் என்று ஓரத்தில் இருப்பவர்களிடம் வேறு கோயில் இருக்கும்.

'உங்க மதம் என்ன?' என்று கேட்காதீர்கள்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது இரண்டு முறை வாசியுங்கள்.

1950-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவர்களுக்கே பட்டியல் சாதித் தகுதி. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறிய பட்டியல் சாதியினருக்கு இன்றுவரை அது இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்ணீர் விட்டு ஜெபிக்கிற ஒருவரின் பிள்ளைக்குச் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கலாம். அந்தச் சான்றிதழில்தான் பிள்ளையின் கல்லூரி இடம் தொங்கிக்கொண்டிருக்கும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து தேவாலயத்துக்குப் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் ஒவ்வொரு வாரமும் எங்கே போகிறார் என்பது சாட்சியமாகிவிடுகிற நிலை இது. உங்கள் களக்குறிப்பில் இருப்பதும் அதே தகவல்தானே?

மதத்தைக் கேட்டால் சான்றிதழில் உள்ள பதிலே வரும். நோட்டில் அதை எழுதினால் வேறு ஆபத்து வரும். அதனால் செயலைக் கேளுங்கள். 'வீட்டில் விளக்கு யார் ஏற்றுவார்கள்?' 'பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் எங்கே போவீர்கள்?' 'மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை எங்கே வைத்தீர்கள்?' 'குலதெய்வத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?' இப்படிக் கேட்டால் வேப்பமரத்தடி அம்மனும் வேளாங்கண்ணி மாதாவும் நாகூர் ஆண்டவரும் ஒரே வீட்டிலிருந்து வெளியே வருவார்கள். பதிலை எழுதும்போது வீட்டுக்கு எண் கொடுங்கள், பெயர் வேண்டாம். எண்ணுக்கும் பெயருக்குமான சாவியைத் தனி நோட்டில், வேறு இடத்தில் வையுங்கள்.

நினைவைக் கிளறவும் வருஷத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேளுங்கள். 2003 ஆகஸ்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு திடீரென்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்துவிட்டது. "கிடா வெட்டக் கூடாதுன்னு சொன்ன வருசம் ஒங்க கோயில்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் அரசு, காவல் நிலையம், கட்சி, சாமி எல்லாம் எந்த வரிசையில் வருகின்றன என்று கவனியுங்கள்.

கொடை அன்று

கால்நாட்டிலிருந்தே போய்விடுங்கள். கொடைக்குச் சில நாள் முன்னால் கால் நடுகிற சடங்கு அது. பிறகு சாமியை அழைக்கும் குடியழைப்பு, மதியக் கொடை, நள்ளிரவில் சாமக் கொடை. ஒரே ஆளாக எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மதியக் கொடைக்குப் பெண்கள் பக்கம், சாமக் கொடைக்குப் பீடத்தின் பக்கம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அடங்குகிற குறிப்பேடு, இரண்டு பேனா. நேரத்தை எழுதுங்கள், யார் எங்கே நின்றார்கள் என்று கோட்டுப்படம் போடுங்கள். தூங்கும் முன் குறிப்பை விரித்து எழுதிவிட வேண்டும். விடிந்தபின் எழுதுகிறேன் என்று விட்டதில் பாதி எனக்குத் தொலைந்திருக்கிறது.

அவர்களுடைய சொல்லையே எழுதுங்கள். சாமியாடுகிறவரை அவர்கள் கோமரத்தாடி என்றால் கோமரத்தாடி, சாமிகொண்டாடி என்றால் சாமிகொண்டாடி. 'பூசாரி' என்று மொத்தமாகப் போட்டால் பூசை செய்கிறவர், சாமியாடுகிறவர் என்ற இரண்டு பேரின் வேலை ஒன்றாகிவிடும். கோட்பாட்டுச் சொற்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மண் பீடம் இருந்த இடத்தில் கற்சிலை வைத்துக் கும்பாபிஷேகம் நடந்திருந்தால் உடனே சமூகவியலாளர் எம். என். சீனிவாசின் 'சமஸ்கிருதமயமாக்கம்' (கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி வழக்கங்களை எடுத்துக்கொள்வது) என்ற சொல் கையில் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுங்கள். பழைய பீடத்தை எடுத்தார்களா, பின்னால் வைத்திருக்கிறார்களா? கிடா வெட்டுவது நின்றதா, மதில் சுவருக்கு வெளியே போனதா? யார் பணம்? நான் பார்த்த ஒரு கோயிலில் முன்பக்கம் சர்க்கரைப் பொங்கல், பின்பக்கம் கறிப்படையல். இரண்டும் ஒரே நேரத்தில், இரண்டு பூசாரி. ஒரு சொல்லில் அதை அடக்க என்னால் முடியவில்லை.

சாமி வந்ததா, நடிப்பா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில் சேராது. 'சாமி இறங்கியது' என்று எழுதினால் பக்தராகிவிடுகிறீர்கள். 'மனநிலைப் பிறழ்வு' என்று எழுதினால் படிக்காமலே மருத்துவராகிவிடுகிறீர்கள். 'இரவு 12.15. வில்லுப்பாட்டில் மயானக் கட்டம். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். பக்கத்தில் நின்றவர் "சாமி வந்துட்டு" என்றார்.' இப்படி எழுதினால் போதும். நீங்கள் சாமி கும்பிடுகிறவரா, கும்பிடாதவரா என்பதை முன்னுரையில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். வாசகருக்கு அது உதவும்.

சம்மதம்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கையெழுத்துப் படிவம் கேட்கும். கிராமத்தில் படிவத்தை நீட்டினால் நிலப் பத்திரமோ என்று பயப்படுவார்கள். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்ய அனுமதி கேட்டு முன்பே குழுவுக்கு எழுதுங்கள்; காரணத்தை விளக்கினால் ஏற்றுக்கொள்வது உண்டு. எப்போது வேண்டுமானாலும் 'நான் சொன்னதை எடுத்துவிடு' என்று அவர்கள் சொல்லலாம் என்பதைப் புரியும்படி சொல்லுங்கள்.

காணொளி விஷயத்தில் நான் சூடுபட்டவன். சாமியாடிய ஒரு பெண்ணின் காணொளியை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். பத்தே நாளில் யாரோ சிரிப்பு வசனம் சேர்த்து, அது அந்த ஊர்ப் பையன்களின் கைப்பேசிக்கே திரும்பி வந்தது. அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போட்டும் தம்பி" என்றார். ஆனால் அடுத்த வருஷம் அவர் ஆடவில்லை. அதன்பிறகு முகம் தெரிகிற எதையும் என் கணினியை விட்டு நான் வெளியே விடுவதில்லை.

ஊர்ப் பெயரையும் மாற்றலாம். தெற்கே ஒரு கிராமத்துக் கத்தோலிக்கர்களைப் பற்றி 1980களிலும் பிறகு 2000களிலும் ஆய்வு செய்து 2012-இல் நூல் எழுதிய மானிடவியலாளர் டேவிட் மோசே, ஊருக்கு வைத்த 'ஆலபுரம்' என்பது புனைபெயர். தேர் எந்தத் தெருவுக்கு வரும், வராது என்ற தகராறு இருக்கிற ஊர் என்றால் புனைபெயர் மட்டும் போதாது. எந்தத் தாலுகா, எந்த ஆண்டு என்பதைக்கூட மங்கலாக்க வேண்டியிருக்கும். உங்கள் ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறும், அந்த ஊர்ப் பையன் ஒருவன் அதைத் தேடிப் படிப்பான் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. கொடை முடிந்ததும் பை கட்டிவிடாதீர்கள். சில நாள் கழித்து, பந்தல் பிரித்த திடலில் வரவு செலவுக் கணக்கு வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு இருங்கள். மேளத்துக்கு இவ்வளவு, கணியான் கூத்துக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு இவ்வளவு, காவல் நிலையச் செலவு இவ்வளவு என்று வாசிக்க வாசிக்க, ஒருவர் எழுந்து "அந்தத் தொகைய யாரக் கேட்டுக் கொடுத்தீரு?" என்பார். அங்கிருந்து பேச்சு எப்படியும் பழைய வரி நோட்டுக்குத்தான் வந்து சேரும். பேனா எழுதுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.